துணிச்சல் வாசல் வரைக்கும்தான்!

(தலைப்பு: முதல் வீடு வாங்க முதலில் வேண்டியது துணிச்சலா? கையிருப்பா? ‘கையிருப்பே’ என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய தம்பி ஒரு பழமொழி சொன்னார். ‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்.’ நம் முன்னோர்களே ‘செய்து பார்’ என்று துணிச்சல் கொடுத்திருக்கிறார்களாம். தம்பி, அது துணிச்சல் கொடுப்பதற்குச் சொன்னது இல்லை. எச்சரிக்கை! ‘கை வச்சுப் பாரு, அப்புறம் தெரியும்’ என்று தெருவில் ஒருவன் சொன்னால், அது அழைப்பா? (சிரிப்பு)

கல்யாணத்தையும் வீட்டையும் ஏன் சேர்த்துச் சொன்னார்கள்? இரண்டிலும் நாம் போட்ட பட்ஜெட் ஒன்று, ஆகிற செலவு ஒன்று. இரண்டிலும் கையெழுத்துப் போட்ட பிறகு திரும்ப முடியாது. (பலத்த சிரிப்பு)

நடுவர்: உங்க வீட்டம்மா முன் வரிசையில இருக்காங்க. ஞாபகம் வச்சுக்குங்க.

அவங்க எனக்குக் கிடைத்த வட்டியில்லாக் கடன் ஐயா! (கைதட்டல்)

நான் வங்கியில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாதி வருடங்கள் வீட்டுக்கடன் பிரிவில். என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தவர்களில் துணிச்சல் இல்லாதவர் ஒருத்தர்கூட இல்லை. எல்லோரிடமும் துணிச்சல் இருந்தது. பணம்தான் இல்லை.

ஒரு நாள் ஓர் இளம் தம்பதி வந்தார்கள். ‘சார், அறுபது லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட் பார்த்திருக்கோம். அட்வான்ஸ் கொடுத்தாச்சு.’ ‘கையில எவ்வளவு இருக்கு?’ ‘ஆறு லட்சம் சார். மீதி நீங்க குடுத்துடுவீங்க இல்ல?’ அந்தப் பையன் முகத்தைப் பார்த்தால் நான் அவனுக்கு மாமனார் மாதிரி! (சிரிப்பு)

அவர்களுக்குச் சொன்ன கணக்கை இந்த மன்றத்துக்கும் சொல்கிறேன். இன்றைய விதிப்படியே சொல்கிறேன். முப்பது லட்சம் வரையிலான கடன் என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கி தரலாம். முப்பதுக்கு மேல் எழுபத்தைந்து லட்சம் வரை 80 சதவீதம். அதற்கும் மேலே போனால் 75 சதவீதம்தான். இது ரிசர்வ் வங்கி போட்ட கோடு. மேனேஜர் உங்கள் சித்தப்பாவாக இருந்தாலும் தாண்ட முடியாது.

அறுபது லட்சத்தில் 80 சதவீதம் 48 லட்சம். மீதி 12 லட்சம் நம் கையிலிருந்து வர வேண்டும். சரி, அதோடு முடிந்ததா? தமிழ்நாட்டில் பழைய வீடு வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக ஒன்பது. அறுபது லட்சத்துக்கு ஐந்து லட்சத்து நாற்பதாயிரம். இந்தச் செலவை வீட்டு விலையோடு சேர்த்துக் கடன் தரக்கூடாது என்பதும் விதி. ஆக 17 லட்சத்து 40 ஆயிரம். வக்கீல் ஃபீஸ், புரோக்கர் கமிஷன், வெள்ளையடிப்பு, கதவுக்குக் கிரில், கொசுவலை, மோட்டார் ரிப்பேர், கிரகப்பிரவேசத்துக்கு வருகிற அத்தைக்குப் புடவை, எல்லாம் சேர்த்தால் இருபது லட்சம் வந்துவிடும். அறுபது லட்சம் வீட்டுக்கு இருபது லட்சம்! மூன்றில் ஒரு பங்கு சொந்தப் பணம் வேண்டும். ஆறு லட்சத்தோடு வந்தால் துணிச்சல் வந்து மீதிப் பதினாலு லட்சத்தைக் கட்டுமா?

எதிரணியில் அந்தச் சகோதரி உருக்கமாகப் பேசினார்கள். ‘வாடகை கொடுப்பது கிணற்றில் போட்ட கல். தவணை கட்டினால் வீடு நமக்கு.’ நல்ல வாதம். ஆனால் தவணைக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டாமா? 48 லட்சம், எட்டரை சதவீத வட்டி, இருபது வருடம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 41,655 ரூபாய். முதல் மாதம் அதில் வட்டிக்குப் போவது 34,000. அசலில் கழிவது 7,655. அம்மா, வாடகை கிணற்றில் போட்ட கல் என்றால், இது கிணற்றில் போட்ட அம்மிக்கல்! (பலத்த கைதட்டல்)

இருபது வருடமும் கட்டி முடித்தால் மொத்தம் கட்டியது ஏறக்குறைய ஒரு கோடி. வாங்கியது 48 லட்சம். அதற்காக வாங்கவே வேண்டாம் என்றா சொல்கிறேன்? இல்லை. வாடகை ஏறிக்கொண்டே போகும், தவணை ஒரு நாள் முடியும். அதை ஒப்புக்கொள்கிறேன். விலை தெரிந்து வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன்.

‘வட்டி கட்டினால் வருமான வரி மிச்சம்’ என்றும் சொன்னார்கள். பழைய வரி முறையில் இருந்தால் ஆண்டுக்கு 2 லட்சம் வரை வட்டியைக் கழிக்கலாம். இப்போது நாம் எதுவும் சொல்லாவிட்டால் தானாக வருவது புதிய முறை. அதில் நாம் குடியிருக்கிற வீட்டின் வட்டிக்கு அந்தக் கழிவு கிடையாது. சலுகை இருக்கிறது என்று நம்பித் துணிந்தவர்கள் எந்த முறையில் வரி கட்டுகிறோம் என்று முதலில் பாருங்கள்.

இன்னொரு விஷயம். 2021-ல் ஆறே முக்கால் சதவீத வட்டிக்கே வீட்டுக்கடன் கிடைத்தது. 40 லட்சம் வாங்கினால் இருபது வருடத்துக்கு மாதம் சுமார் 30,400 ரூபாய். ‘இதுதான் சமயம்’ என்று பாய்ந்தார்கள். 2022 மே மாதம் ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்ற ஆரம்பித்தது. 2023 பிப்ரவரிக்குள் இரண்டரை சதவீதம் ஏறிவிட்டது. ஆறே முக்கால் ஒன்பதே கால் ஆனால், 40 லட்சத்துக்கு மாத வட்டி மட்டுமே 30,833. கட்டுகிற தவணை வட்டிக்கே பற்றவில்லை! அசல் நகரவே இல்லை. பலருக்குக் கடன் முடிகிற வருடம் தள்ளிப் போனது. 2025-ல் வட்டி மறுபடி இறங்கியது, உண்மைதான். ஆனால் இருபது வருடத்தில் ஏறும், இறங்கும். ஏறும்போது தாங்குகிற இடைவெளி நம் சம்பளத்தில் இருக்க வேண்டாமா?

நடுவர் அவர்களே, சிரித்தது போதும், ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எனக்குத் தெரிந்த இரண்டு குடும்பம். ஒரே கட்டடம், ஒரே மாடி, எதிரெதிர் வாசல். இரண்டு பேருமே ஹோட்டல் துறையில் நல்ல வேலை. கிட்டத்தட்ட ஒரே அளவு கடன். 2020-ல் ஊரடங்கு வந்தது. இரண்டு பேருக்கும் வேலை போனது. மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போடலாம் என்று ரிசர்வ் வங்கி அவகாசம் கொடுத்தது. தவணைதான் நின்றது, வட்டி நிற்கவில்லை.

ஒரு வீட்டில் ஆறு மாதச் செலவையும் ஆறு தவணையையும் தனியாக வைப்புநிதியில் போட்டு வைத்திருந்தார்கள். கஞ்சி குடித்தாலும் கதவைச் சாத்திக்கொண்டு சொந்த வீட்டில் குடித்தார்கள். அடுத்த வருடம் வேலை கிடைத்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள்.

எதிர்வீட்டில் கையிருந்த கடைசி ரூபாயையும் பத்திரப் பதிவில் போட்டிருந்தார்கள். முதலில் கிரெடிட் கார்டு. அப்புறம் நகை. அப்புறம் கைமாற்று. மூன்று மாதம் தொடர்ந்து தவணை வராவிட்டால் அது வாராக்கடன். 2002-ல் வந்த சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, கோர்ட்டில் வழக்குப் போடாமலே வங்கி வீட்டை எடுக்கலாம். அதற்கு முன்னால் நாமே விற்றுவிடலாம் என்று அவசரத்தில் வந்த விலைக்கு விற்றார்கள். முத்திரைத் தீர்வையை யாராவது திருப்பித் தருவார்களா? போட்ட பணத்தில் பாதிகூட வரவில்லை. சாமான்களை வண்டியில் ஏற்றும்போது அந்த அம்மா என்னிடம் சொன்ன ஒரே வார்த்தை: ‘ரேஷன் கார்டுல இப்பத்தான் சார் முகவரி மாத்தினோம்.’

இரண்டு வீட்டிலும் துணிச்சல் ஒரே அளவுதான் இருந்தது நடுவர் அவர்களே. கையிருப்புதான் வேறு. (நீண்ட கைதட்டல்)

வள்ளுவர் இதை அன்றே சொன்னார். மயில் இறகுதானே என்று வண்டியில் அளவுக்கு மேல் ஏற்றினால் அச்சு முறியும் என்றார். எந்த அதிகாரத்தில்? ‘வலியறிதல்’. துணிவைச் சொல்லவில்லை, தன் பலம் தனக்கே தெரிவதைச் சொன்னார். வருகிற வழி சிறிதாக இருந்தாலும் போகிற வழி பெருகாவிட்டால் கெடுதல் இல்லை என்பதும் அதே அதிகாரம்தான். 41,655 என்பது மயிலிறகு மாதிரிதான் தெரியும். அதன்மேல் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், அப்பாவின் மருந்து, பைக் தவணை, குடியிருப்பின் பராமரிப்புக் கட்டணம்... அச்சு எந்த இறகில் முறிந்தது என்று யாருக்கும் தெரியாது.

‘அப்படியானால் எப்போதுதான் வாங்குவது?’ என்று கேட்பீர்கள். சொல்கிறேன். நாலே கேள்வி.

ஒன்று: மூன்றில் ஒரு பங்கு சொந்தப் பணமா? கைமாற்று வாங்கி முன்பணம் கட்டினால் அது இரண்டாவது கடன்.

இரண்டு: எல்லாத் தவணையும் சேர்ந்து கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிற்கிறதா? வங்கி பாதி வரைக்கும்கூடக் கொடுக்கும். வங்கி பார்ப்பது கடன் திரும்பி வருமா என்று. நீங்கள் சாப்பிடுவீர்களா என்று பார்ப்பது உங்கள் வேலை.

மூன்று: பதிவு முடிந்த மறுநாள் ஆறு மாதச் செலவும் ஆறு தவணையும் பாக்கி இருக்கிறதா?

நாலாவதுதான் முக்கியம். ஒத்திகை பாருங்கள்! நாடகத்துக்கே ஒத்திகை பார்க்கிறோம், இருபது வருட நாடகத்துக்கு வேண்டாமா? இப்போது வாடகை 18,000. வரப்போகிற தவணை 41,655. வித்தியாசம் 23,655. மாதம் பிறந்ததும் அதைத் தொடர் வைப்பில் போடுங்கள். ஒரு வருடம், ஒரு மாதம் தவறாமல். முடிந்ததா? நீங்கள் தயார். கையில் 2,83,860 ரூபாயும் வட்டியும் இருக்கும். ஐந்தாவது மாதமே மூச்சு முட்டியதா? வீடு போகவில்லை, மானம் போகவில்லை, தெரிந்துகொண்டீர்கள், அவ்வளவுதான். சின்ன வீடாகப் பாருங்கள்.

நடுவர்: அந்த வார்த்தையைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க!

குறைந்த சதுர அடி உள்ள வீடு என்று மாற்றிக்கொள்கிறேன் ஐயா! (பலத்த சிரிப்பு)

எதிரணியின் கடைசி வாதம், ‘காத்திருந்தால் விலை ஏறிவிடும்’ என்பது. ஏறலாம். காத்திருக்கிற வருடத்தில் நம் கையிருப்பும் ஏறும். விலை ஏறினால் தாம்பரம் என்று நினைத்தவர் கூடுவாஞ்சேரிக்குப் போகலாம். தூரம்தான் கூடும். தவணை கட்ட முடியாமல் போனால் எந்த ஊரிலும் வீடு இல்லை.

வாடகை வீட்டில் படுகிற அவமானம் எனக்கும் தெரியும். ஆணி அடிக்காதே, விருந்தாளி வந்தால் தண்ணீர் மோட்டாரைப் போடாதே, என்ன ஜாதி, என்ன சாப்பாடு என்று கேட்கிறார்களே, அதைத் தாங்காமல்தான் பாதிப் பேர் அவசரப்படுகிறார்கள். அந்த வேதனை நியாயமானது. ஆனால் வீட்டுக்காரர் மாதத்தில் ஒரு நாள்தான் கதவைத் தட்டுவார். கட்ட முடியாத கடன் ராத்திரி தூக்கத்திலும் தட்டும்.

துணிச்சல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. துணிச்சல் நம்மைப் புது வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடும். உள்ளே இருபது வருடம் நிம்மதியாகப் படுத்துத் தூங்க வைப்பது கையிருப்புதான். எனவே முதல் வீடு வாங்க முதலில் வேண்டியது கையிருப்பே, கையிருப்பே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். (கைதட்டல்)