நடப்புச் செய்தியும் நாமும்

(போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தலித் மாணவர்கள் ரெட்டியார்சத்திரத்தில் நடத்திய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு மொழி பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)

தோழர்களே, தம்பி தங்கைகளே,

'தேசிய நடப்பு நிகழ்வுகள்' என்று தலைப்புக் கொடுத்துப் பேசச் சொல்லியிருக்கீங்க. குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வின் பாடத்திட்டத்தில் முதல் வரியே இதுதான். 100 கேள்வி, 200 மதிப்பெண். தப்பா அடிச்சா மூணுல ஒரு பங்கு கழிஞ்சிரும். அதனால மாசாமாசம் கைடு வருது, செல்போன்ல ஒருவரிச் செய்தியா வந்து விழுது. நானும் அந்த ஒருவரிகளை மனப்பாடம் பண்ணித்தான் வங்கி எழுத்தர் வேலைக்குப் போனேன். கவிதை எழுதுறவனுக்கு வங்கியில என்ன வேலைன்னு சிலர் கேக்குறாங்க. சம்பளம் வருது, அதுதான் வேலை. ஆகவே கைடைத் தூக்கிப் போடுங்கன்னு நான் சொல்லப் போறதில்லை. மார்க் வேணும். ஆனால் ஒரு செய்தியை ஒருவரியாக வெட்டும்போது எதை வெட்டுகிறார்கள், வெட்டப்பட்டதில் யார் இருக்கிறார்கள் என்பதைத்தான் இன்றைக்குப் பேச நினைக்கிறேன்.

நமக்கும் இந்தக் குடிமைப் பணித் தேர்வுக்கும் உள்ள உறவு நேற்று ஆரம்பித்தது அல்ல. 1893இல் பெரிய நடப்புச் செய்திகளில் ஒன்று ஐ.சி.எஸ். தேர்வு. அதுவரை லண்டனில் மட்டும் நடந்த தேர்வை இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுக்கொண்டிருந்தது. 1893 ஜூன் 2ஆம் தேதி பிரிட்டிஷ் காமன்ஸ் சபையில் அதற்கு ஆதரவாகத் தீர்மானமும் நிறைவேறிவிட்டது. அன்றைய கைடு ஒன்று இருந்திருந்தால் என்ன போட்டிருக்கும்? 'இந்தியர்களுக்கு வெற்றி' என்று ஒருவரி.

அதே 1893இல்தான் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்குகிறார். அவரும் அவரோடு நின்றவர்களும் அந்த ஒருவரியை வேறு மாதிரி படித்தார்கள். தேர்வு இங்கே நடந்தால் எழுதப்போவது யார்? எழுதி ஜெயித்தவன் எந்த நாற்காலியில் உட்காருவான்? கிராமத்தில் நம்மை மிதிக்கிறவன் கைக்கு அரசாங்க முத்திரையும் போய்ச் சேருமா, சேராதா? அந்த வருசம் டிசம்பரில் சென்னையில் கூட்டம் போட்டார்கள். தேர்வை இங்கே நடத்தக் கூடாது என்று பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள். 3,412 பேர் கையெழுத்து, 112 அடி நீளம். நாம் உட்கார்ந்திருக்கிற இந்தக் கூடத்துக்குள் அதை விரித்துப் போட முடியாது. கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர் இருந்த காலம் அது, யோசித்துப் பாருங்கள்.

தேசியம் பேசுகிறவர்கள் இதை வெள்ளைக்காரனுக்குக் கொடி பிடித்த காரியம் என்பார்கள். கொடி பிடித்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அவர்கள் எழுப்பிய கேள்விக்கு யாராவது பதில் சொன்னார்களா? 1922இல் அலகாபாத்தில் தேர்வு நடக்கத் தொடங்கிவிட்டது. கேள்வி அப்படியே நிற்கிறது. செய்தி வந்ததும் 'இது சட்டமானால் எந்த நாற்காலியில் எவன் உட்காருவான்?' என்று கேட்டார்களே, நடப்பு நிகழ்வை வாசிப்பது என்றால் எனக்கு அதுதான். 1924இல் அதே சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில், பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் எல்லாம் எல்லாருக்கும் பொது என்று தீர்மானம் கொண்டுவந்து அரசாணையாகவும் ஆக்கவைத்தார். (இந்த ஊர்ப் பேரிலேயே ஒரு சாதியும் ஒரு சத்திரமும் இருக்கு. சத்திரம்னா வழிப்போக்கர் தங்குற இடம். எந்த வழிப்போக்கர்னு பெரியவங்ககிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க.)

இப்ப நம்ம காலத்துக்கு வருவோம். 2024 ஆகஸ்ட் 1. உங்க எல்லாருக்கும் மனப்பாடம்: 'பட்டியல் சாதிகளுக்குள் உள் ஒதுக்கீடு செல்லும். 7 நீதிபதிகள் அமர்வு. 6க்கு 1.' பஞ்சாப் அரசு எதிர் தவிந்தர் சிங். சரி, மார்க் கிடைச்சிரும். ஆனா அன்னைக்குச் சாயங்காலம் இந்த வட்டாரத்துல என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியும். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே புத்தகத்தை மாத்தி மாத்திப் படிச்ச ரெண்டு பசங்க, ஒருத்தன் அருந்ததியர், ஒருத்தன் அருந்ததியர் அல்லாதவன், அதுக்கப்புறம் நோட்ஸ் கொடுக்கல் வாங்கலை நிறுத்திட்டாங்க. 'உங்களுக்கென்ன, தனியா வச்சிருக்காங்க' என்று ஒருவன். 'இத்தனை நாள் நீங்க தின்னது போதாதா' என்று மற்றவன். இரண்டு பேருமே அந்தத் தீர்ப்பின் ஒரு பக்கத்தைக்கூடப் படிக்கவில்லை. ஒருவரிச் செய்தி செய்த வேலை இது. வேறு ஒருவனுக்கு இதில் எவ்வளவு லாபம் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

தீர்ப்பில் என்னதான் இருக்கு? 1975இல் பஞ்சாப் அரசு பட்டியல் சாதி இடங்களில் பாதியை வால்மீகிகளுக்கும் மஜாபி சீக்கியர்களுக்கும் முன்னுரிமையாகக் கொடுத்தது. துப்புரவு வேலையில் தள்ளப்பட்ட சாதிகள் அவை. ஆந்திராவில் மாதிகாக்கள் போராடியதால் 2000இல் நாலாகப் பிரித்துச் சட்டம் வந்தது. 2004இல் சின்னையா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அதை அடித்துவிட்டார்கள். குடியரசுத் தலைவர் அரசியல் சட்டத்தின் 341ஆவது பிரிவின்படி வெளியிடும் பட்டியல் ஒரே வகுப்பு, மாநிலம் அதைக் கூறு போடக்கூடாது என்றார்கள். 2024 தீர்ப்பு அந்தச் சின்னையா தீர்ப்பைத்தான் ரத்து செய்தது. பட்டியலுக்குள் பின்தங்கல் ஒரே மாதிரி இல்லை என்றால் மாநிலம் பிரிக்கலாம். ஆனால் நினைத்தபடி பிரிக்க முடியாது, பிரதிநிதித்துவம் போதவில்லை என்று கணக்குக் காட்ட வேண்டும். மொத்த இடத்தையும் ஒரே சாதிக்குக் கொடுத்து மற்றவர்களை வெளியே தள்ளவும் முடியாது.

கைடில் இன்னொரு ஒருவரி பார்த்திருப்பீர்கள்: 'எஸ்.சி.க்கும் கிரீமிலேயர் - உச்சநீதிமன்றம்.' இது தப்பு. நாலு நீதிபதிகள் தங்கள் தீர்ப்புகளில் அப்படி ஒரு கருத்துச் சொன்னார்கள். வழக்கின் கேள்வி அதுவல்ல, ஆகவே கட்டுப்படுத்தாது. ஆகஸ்ட் 9ஆம் தேதியே மத்திய அமைச்சரவை, அரசியல் சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று சொல்லிவிட்டது. நாளைக்கு நேர்முகத் தேர்வில் ஒருவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு இதையே திருப்பிக் கேட்பார். அப்ப ஒருவரி உங்களைக் காப்பாத்தாது.

தமிழ்நாட்டில் இந்தக் கதை வேறு. இங்கே 2009 ஏப்ரலிலேயே அருந்ததியர் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அருந்ததியர், சக்கிலியன், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி, ஆதி ஆந்திரர் என்று ஏழு சாதிகள். பட்டியல் சாதிக்கான இடத்தில் 100க்கு 16, அதாவது 18இல் ஏறக்குறைய 3. தகுதியுள்ள அருந்ததியர் கிடைக்காவிட்டால் அந்த இடம் மற்ற பட்டியல் சாதியினருக்கே வரும். பொதுத் தொகுப்புக்குப் போகாது. இதையும் ஒருவரி சொல்றதில்லை. இன்னொன்று, மாநிலத் தேர்வாணையத்தில் இருக்கிற இந்தப் பிரிவு குடிமைப் பணித் தேர்வில் கிடையாது. அங்கே பட்டியல் சாதிக்கு ஒரே 15 சதம்தான். இங்கே சண்டை போட்டுக்கிட்ட அந்த ரெண்டு பசங்களும் படிச்சது குடிமைப் பணித் தேர்வுக்கு.

உள் ஒதுக்கீடு நியாயம் என்பது என் நிலைப்பாடு. மலக்குழிக்குள் இறக்கப்படுகிறவன் எந்தச் சாதி என்று தெரிந்துகொண்டே, 'பட்டியலுக்குள் எல்லாரும் சமம்' என்று பேசுவது சாதி இந்து நம்மிடம் பேசுகிற அதே பேச்சு. இயக்கத் தோழர்கள் சிலருக்கு நான் சொல்வது கசக்கும். கசக்கட்டும். ஆனால் நீதிபதி கவாய் சொன்ன ரயில் உதாரணம் ஒன்று இருக்கிறது, அதில் எனக்கு உடன்பாடு பாதிதான். பெட்டிக்கு வெளியே நிற்கும்போது உள்ளே ஏறத் துடித்தவன், ஏறிய பிறகு அடுத்தவனை ஏறவிடாமல் தடுக்கிறான், உள் ஒதுக்கீட்டை எதிர்க்கிறவர்கள் அந்த மாதிரி என்கிறார். உண்மை. பழநி வண்டியில் தைப்பூசத்தப்ப பாத்திருக்கோம். ஆனால் நமக்கு ஏன் அந்த ஒரு பெட்டி மட்டும்?

கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 18 சதம் என்பது 1971இல் பட்டியல் சாதிக்கும் பழங்குடிக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு. பிறகு பழங்குடிக்குத் தனியாக 1 சதம் வந்தது. நம் 18 நகரவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20.01 சதம், 1 கோடியே 44 லட்சம் பேர். 18க்குள் 3 யாருக்கு 15 யாருக்கு என்று அடித்துக்கொள்கிற நேரத்தில், இந்த 20ஐப் பற்றி ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு மனுவாவது போட்டிருக்கலாம். 112 அடி வேண்டாம், ஒரு முழம் போதும்.

அதே 2024 ஆகஸ்டில் இன்னொரு செய்தி. 17ஆம் தேதி மத்தியத் தேர்வாணையம் 45 உயர் பதவிகளுக்கு வெளியிலிருந்து நேரடியாக ஆள் எடுப்பதாக விளம்பரம் செய்தது. இணைச் செயலாளர், இயக்குநர், துணைச் செயலாளர் பதவிகள். இடஒதுக்கீடு கிடையாது. எதிர்ப்பு வந்து 20ஆம் தேதி திரும்பப் பெற்றார்கள். ஆனால் 2018லிருந்து அதுவரை இந்த வழியில் 63 பேரை நியமித்திருந்ததைப் பாராளுமன்றத்தில் அரசே சொன்னது. நாம பொதுப்பெட்டி வாசல்ல மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கும்போது அந்தப் பக்கம் ஏ.சி. பெட்டி தனியாக் கிளம்பிருச்சு.

சாதிவாரிக் கணக்கெடுப்பையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரல் 30 அன்று அரசு அறிவித்தது. 2027 மார்ச் 1 கணக்கு நாள். கைடு சொல்கிறது: '1931க்குப் பிறகு முதல் சாதிக் கணக்கெடுப்பு.' நம்மைப் பொறுத்தவரை இது சரியல்ல. சுதந்திரத்துக்குப் பிந்தைய கணக்கெடுப்புகளிலும் பட்டியல் சாதியும் பழங்குடியும் எண்ணப்பட்டே வந்திருக்கிறார்கள். எண்ணப்படாதவர்கள் மற்றவர்கள். யாருக்கு எத்தனை நிலம், எத்தனை நாற்காலி என்பதை மறைத்து வைத்திருந்தது அவர்கள் பக்கம். அந்தப் பக்கத்தை எண்ணும்போது நாம் கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

வங்கிக் கவுண்டரில் எனக்கு அடிக்கடி நடப்பது ஒன்று. 'சார், ஸ்காலர்ஷிப் ஏறிருச்சா?' என்று பிள்ளைகள் பாஸ்புக்கை நீட்டும். ஏறியிருக்காது. 2020 டிசம்பரில் மத்திய அரசு அந்தப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெரிய தொகையை அங்கீகரித்ததாகச் செய்தி வந்தது: ஐந்து வருசத்துக்கு 59,048 கோடி. அதைப் பெறப் பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்றிருந்தது. அதே காலத்தில் 10 சத ஒதுக்கீட்டில் 'பொருளாதாரத்தில் நலிந்த' முன்னேறிய சாதியினருக்கு வருமான வரம்பு 8 லட்சம். 2022 நவம்பர் 7 அன்று உச்சநீதிமன்றம் 3க்கு 2 என்று அந்த 10 சதத்தை ஏற்றது. மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி ரவீந்திர பட், ஏழைகளில் நம்மை மட்டும் கழித்துக் கட்டுவது பாகுபாடு என்று எழுதினார். இந்த இரண்டு செய்தியும் கைடில் வெவ்வேறு மாதத்தில், வெவ்வேறு தலைப்பில் வரும். பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வேலை நம்முடையது.

மலக்குழிச் சாவு பற்றி நீளமாகப் பேச மனசு வரவில்லை. 'நமஸ்தே' திட்டத்தின் விரிவாக்கம் என்ன என்று கேள்வி வரும். எழுதிட்டு வாங்க. கூடவே 2023 அக்டோபர் 20ஆம் தேதித் தீர்ப்பையும் தெரிஞ்சு வைங்க: சாக்கடைச் சாவுக்கு இழப்பீடு 10 லட்சத்திலிருந்து 30 லட்சம். நீங்க ஒருநாள் அதிகாரியா உக்காந்தா, 'விபத்து'ன்னு எழுதி உங்ககிட்டக் கோப்பு வரும்.

இன்னொரு தடை இருக்கு. முதல்நிலைத் தேர்வின் கேள்வித்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வருகிறது. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம், கேள்வியைத் தமிழில் படிக்க முடியாது. 1893இல் லண்டனுக்குக் கப்பலேற முடியாதவன் வெளியே நின்றான். அரசுப் பள்ளியில் தமிழில் படித்த நம் பிள்ளைக்கு இந்தக் கேள்வித்தாளே ஒரு கடல்.

நேரமாச்சு, கடைசி வண்டிக்குப் போறவங்க இருக்கீங்க. ஒரு வேலை மட்டும் கொடுத்துட்டுப் போறேன். தவிந்தர் சிங் தீர்ப்பு 565 பக்கம், உள்ளே ஆறு தனித்தனித் தீர்ப்புகள். அதை அச்சடித்து ஆறாகப் பிரித்து வைத்திருக்கிறேன். உள் ஒதுக்கீட்டை எதிர்க்கிற தம்பிகள் கவாய் எழுதியதை எடுத்துக்கணும். அருந்ததியர் தங்கச்சிகளில் ரெண்டு பேர், வேண்டாம் என்று எழுதிய பெலா திரிவேதியின் தீர்ப்பை எடுங்க. ஆங்கிலம் தடுக்கும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வைங்க, நான் வர்றேன். அடுத்த ஞாயிறு, இதே இடம், காலை பத்து மணி. அந்த ரெண்டு பசங்களையும் யாராவது போய்க் கூப்பிட்டு வாங்க.