கிளை வளர்க்கும் கலை
(நோட்டன் பிரிட்ஜில் நடைபெற்ற மன்ற ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மரத்தின் கிளை. விழா மேடையில் பேச வேறு பொருளே கிடைக்கவில்லையா என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் கிளையைப் பற்றிக் கேட்பதற்கு நம்மைவிடத் தகுந்த சபை உலகத்தில் அதிகமில்லை. ஏனென்றால், காலை முதல் மாலை வரை குறுக்கி வளர்த்த மரங்களின் நடுவே உழைக்கும் மக்கள் நாம்.

தேயிலை செடியன்று, மரம். கத்தி படாமல் விட்டால் முப்பது அடிக்கு மேலும் வளரக்கூடிய மரம். அதை இடுப்பளவிலே நிறுத்தி, நூறாண்டுக்கு மேலும் உயிரோடு வைத்திருக்கும் வித்தை நம் தோட்டங்களில் இருக்கிறது. 1867 ஆம் ஆண்டு லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்ட காலந்தொட்டு இந்த நாட்டில் அந்த வித்தை நடந்து வருகிறது. தோட்டத்துத் துரைமார் புத்தகத்திலே அதை எழுதினார்கள். மலையிலே கையால் செய்தவர்கள் நம் முன்னோர்கள்.

இதற்கு ஒப்பான ஒரு கலை ஜப்பானில் உண்டு. போன்சாய் என்பார்கள், தட்டிலே நட்டது என்பது அதன் பொருள். 1923 ஆம் ஆண்டுப் பூகம்பம் தோக்கியோவைப் பாழாக்கிய பின்பு, அந்நகரத்து மரவளர்ப்பாளர் சிலர் நல்ல மண்ணும் நீரும் காற்றும் தேடி ஓமியா என்னுமிடத்துக்குப் பெயர்ந்தார்கள். 1925 இல் அங்கே ஒரு போன்சாய்க் கிராமமே அமைந்தது. 2010 இல் அதே இடத்தில் இக்கலைக்கென ஓர் அரும்பொருட்சாலையும் திறக்கப்பட்டது. அவர்கள் வளர்க்கும் மரங்களில் இலையுதிர் இனங்களே கிளை வேலைக்குக் கடும் பரீட்சை என்று சொல்லலாம். மேப்பிள் போன்ற மரம் குளிர்காலத்தில் இலை முழுவதையும் உதிர்த்துவிடும். அப்போது அதன் எலும்புக்கூடு வெளிப்படும். பத்தாண்டுக்கு முன் எவனோ அவசரத்தில் வெட்டிய வெட்டுங்கூட அன்று சாட்சி சொல்லும்.

நம் மலையில் அப்படிப்பட்ட குளிர்காலம் இல்லை. ஆனால் கவ்வாத்து முடிந்த மலையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பச்சையெல்லாம் போய், சாம்பல் நிறக் கிளைகள் கைவிரித்து நிற்கும் அந்தக் காட்சியே தேயிலையின் இலையுதிர் காலம். அந்த வாரத்தில் நிரை வழியே நடந்து பாருங்கள். நல்ல கையில் வளர்ந்த செடி எது, கெட்ட கையில் சிக்கிய செடி எது என்று சிறு பிள்ளையும் சொல்லும்.

இனி இக்கலையின் அடிப்படை விதியைப் பார்ப்போம். கிளையின் நுனிமொட்டு அரசனைப் போன்றது. அது இருக்கும் வரையில் கீழேயுள்ள கணுமொட்டுகள் தலையெடுப்பதில்லை. நுனியைக் கிள்ளினால் அவை விழித்துக்கொள்ளும். இது நம் வீட்டுத் துளசிச்செடியிலும் நாம் காண்பதே. 1930 களில் திமான், ஸ்கூக் என்னும் இரு விஞ்ஞானிகள் அவரையினச் செடியின் நுனியை வெட்டி, அவ்விடத்தில் ஒட்சின் என்னும் வளர்ச்சிப் பொருளை வைத்துப் பார்த்தார்கள்; நுனி இல்லாவிடினும் கீழ் மொட்டுகள் அடங்கியே கிடந்தன. 2014 இல் பட்டாணிச் செடியில் நடந்த ஆராய்ச்சி இன்னுமொன்றைக் காட்டியது. நுனியை நீக்கியதும், அது இழுத்துக்கொண்டிருந்த சர்க்கரைச் சத்து கீழ் மொட்டுகளுக்குப் பாய்கிறது. முதலில் அவற்றை எழுப்புவது அந்தச் சத்தே என்பதாம்.

நம் ஊர்க்காரருக்கு இதை விளக்குவது எளிது. கெசல்கமு ஓயாவைக் காசல்ரீயில் மறித்துத் தேக்கி, குகையும் குழாயும் வழியாக இங்கேயுள்ள விமலசுரேந்திர மின்நிலையத்துக்குத் திருப்பினார்கள். 1965 முதல் அது மின்சாரம் தருகிறது. அணை தண்ணீரை உண்டாக்கவில்லை. இருந்த தண்ணீருக்கு வழி காட்டியது. கத்தியும் அப்படித்தான். அது மரத்துக்கு வலிமை கொடுப்பதில்லை. இருக்கிற வலிமையை ஒரு பக்கம் அடைத்து மறு பக்கம் திருப்புகிறது. வலிமையைக் கொடுப்பவை இலையும் வேருமே.

இந்த விதியிலிருந்து இரண்டு வேலைகள் பிறக்கின்றன. ஒன்று கிளையை உருவாக்குவது. மற்றது உருவான கிளையை நுணுக்குவது. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை.

கிளை பருக்க வேண்டுமானால் அதை வளர விடவேண்டும். ஒரு கிளை தாங்கும் இலைகளின் அளவுக்கே அது தடிக்கும். ஆகையால் பருமன் வேண்டிய கிளையை அழகு பாராமல் நீள விடுவார்கள். வேண்டிய பருமன் வந்த பின்பு ஒட்ட வெட்டுவார்கள். வெட்டிய இடத்திலிருந்து எழும் துளிர்களில் இரண்டை மட்டும் வைத்து, மற்றவற்றை நீக்குவார்கள். ஒரே கணுவில் நாலைந்து துளிர்களை விட்டால் அவ்விடம் முண்டுகட்டி வீங்கும். அந்த வடு பின்பு எளிதில் மறையாது. வைத்த இரண்டும் தடித்தபின் அவற்றையும் வெட்டுவார்கள். இப்படி ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஒவ்வொரு பகுதியும் முந்தியதைவிடச் சிறுத்து, முதுமரத்தின் தோற்றம் வருகிறது. தென்சீனத்திலுள்ள லிங்னான் மரபினர் பெரும்பாலும் இந்த வெட்டி வளர்க்கும் முறையாலேயே மரத்துக்கு உருவம் கொடுத்தவர்கள். எந்தப் பக்கம் நோக்கிய மொட்டின் மேல் வெட்டுகிறோமோ, அந்தப் பக்கமே கிளை போகும். ஆகவே வெளிநோக்கிய மொட்டைத் தேடி வெட்டுவது முதற் பாடம். கம்பி சுற்றி வளைப்பதும் உண்டு. அப்படிச் செய்தால் கம்பி பட்டையில் பதியுமுன் கழற்றிவிட வேண்டும்.

நுணுக்குவது வேறு வேலை. அடிக்கிளைகள் அமைந்த பின்பு மரம் ஓடக்கூடாது, அடங்க வேண்டும். இளந்துளிர் விரியும்போதே நுனியைக் கிள்ளுவார்கள். உச்சியில் வலிமை அதிகம் சேருமாகையால் அங்கே கடுமையாகவும், அடிக்கிளைகளில் மென்மையாகவும் நடப்பார்கள். வெளியிலைகளைக் கலைத்து உள்ளே வெளிச்சம் விடுவார்கள். வெளிச்சம் புகாத உட்குச்சி செத்துப்போகும். மிக்க ஆரோக்கியமான மரமானால், கோடையின் தொடக்கத்தில் இலைகளைக் கத்தரித்துவிட்டு, இரண்டாம் முறை சிற்றிலைகள் துளிர்க்கச் செய்வதும் உண்டு. நோயுற்ற மரத்தில் இதைச் செய்வது கொலைக்குச் சமம்.

கற்றுக்குட்டிகள் தவறுமிடம் இதுவே. கிளை பருக்குமுன் நுனியைக் கிள்ளத் தொடங்குவார்கள். பருமனும் வராது, நுணுக்கமும் வராது. பல ஆண்டு கழிந்தும் மரம் விளக்குமாற்றைப்போல நிற்கும். வளர்க்க வேண்டிய காலத்தில் வளர்க்க வேண்டும். அடக்க வேண்டிய காலத்தில் அடக்க வேண்டும்.

இப்போது நம் தேயிலைக்கு வருவோம். இளங்கன்று வேரூன்றியபின் அதன் நடுத்தண்டைத் தாழ வெட்டுகிறோம். சில இடங்களில் தண்டை வளைத்துக் கட்டுகிறோம். அடியிலேயே பல கிளைகள் எழுந்து பரவட்டும் என்பதே நோக்கம். பிறகு படிப்படியாக உயர்த்தி வெட்டிச் சட்டத்தை அமைக்கிறோம். அதன்பின் கொழுந்து எடுப்பது, நாம் மேலே சொன்ன நுணுக்கும் வேலையே. ஒவ்வொரு சுற்றிலும் கொழுந்தெடுக்கும் நம் தாய்மார் செய்வது கோடிக்கணக்கான நுனிகளைக் கிள்ளுவது. ஜப்பானியப் பெரியவர் ஒரு மரத்துக்குச் செய்வதை நம் தாய்மார் ஒரு மலைக்கே செய்கிறார்கள். மட்டக்கம்பை வைத்து அவர்கள் காக்கும் மட்டத்தின் கீழ் முற்றிய இலைகள் ஓர் அடுக்காக நிற்கவேண்டும். செடிக்குச் சோறு சமைப்பவை அவையே.

சில ஆண்டுகளில் குச்சிகள் நெருங்கிச் சோர்ந்து கொழுந்து குறையும். அப்போது கவ்வாத்து வருகிறது. தாழ்நிலத்தில் இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறையும், உயர்மலையில் நாலைந்து ஆண்டுக்கொரு முறையும் இது நடக்கும். இலையெல்லாம் போனபின் செடி எதை உண்டு துளிர்க்கிறது? வேரிலே சேர்த்த மாப்பொருளை உண்டு துளிர்க்கிறது. ஆகையால்தான் கவ்வாத்துக்கு முன் சில வாரங்கள் கொழுந்தெடுக்காமல் செடியை ஓய விடுவது நல்லது. பென்சில் பருமனுள்ள வேர்த்துண்டை வெட்டி அயடீன் கரைசலைத் தடவினால், மாப்பொருள் நிறைந்த வேர் கருநீலமாகும். நிறம் மாறாவிட்டால் கத்தியை உறையிலே வைக்க வேண்டும். 1925 இல் தோன்றித் தலவாக்கலையில் நிலைபெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் இத்தகைய செய்திகளைத் தோட்டங்களுக்குச் சொல்லி வந்திருக்கிறார்கள். வலிமை குறைந்த செடிகளில் ஓரத்துக் கிளை ஒன்றிரண்டை இலையோடு மூச்சுக்கென விட்டுவைப்பதும் நன்று.

வெட்டு எப்படி இருக்கவேண்டும்? கத்தி கூர்மையாக இருக்கவேண்டும். வெட்டுவாய் பிளவில்லாமல், நீர் தங்காதபடி சரிவாக இருக்கவேண்டும். பிளந்த வாயில் நீர் தங்கும்; நீர் தங்கிய இடத்தில் அழுகல் புகும்; அழுகல் கிளைவழியே இறங்கி அடிமரத்தைத் தின்னும். அதன்பின் செத்த குச்சிகளை நீக்கிப் பாசியைச் சுரண்டி, மிலாற்றைச் செடியின்மேல் மூடினால் வெயில் பட்டையைச் சுடாது. பின்னர் அது மண்ணிலே மக்கி உரமாகும். ஆனால் லயத்தில் அடுப்பெரிக்க விறகுக்கு வேறு வழியில்லாத குடும்பம் மிலாற்றைச் சுமந்துபோகத்தான் செய்யும். அடுப்பும் வேண்டும், மண்ணும் வேண்டும். விறகுக்கு வழிசெய்யாமல் மிலாற்றைத் தொடாதே என்பது நியாயமாகாது.

ஒரு நாளைக்கு இத்தனை செடி என்று கணக்கு விதிக்கப்படும்போது, கவ்வாத்துக்காரருக்கு ஒரு செடியின் முன் சில நொடிகளே கிடைக்கின்றன. அந்த நொடிகளில் எந்தக் கிளை நிற்கும், எது போகும் என்று தீர்மானிக்கிறார். அந்தத் தீர்ப்பு பல ஆண்டுக்குச் செடியை ஆளும். இதைக் கூலிவேலை என்று சொல்லி ஒதுக்குவது எத்துணைப் பேதைமை! ஓமியாவில் இதே வேலையைச் செய்பவரை ஆசான் என்று வணங்குகிறார்கள்.

மரத்தைக் குறுக்கி வைப்பது பாவமல்லவா என்று சிலர் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. பட்டினி போட்டுக் குறுக்கினால் பாவந்தான். ஆனால் முறையறிந்து வளர்த்த தட்டு மரம் பட்டினி கிடப்பதில்லை. அதற்கு உரமுண்டு, சில ஆண்டுக்கொரு முறை வேர் கத்தரித்துப் புதுமண் இடுவதுண்டு. கவனிப்பாரற்ற காட்டு மரத்தைவிட நெடுநாள் வாழ்பவையும் உண்டு. பாவம் கத்தியில் இல்லை, கவனமின்மையில் இருக்கிறது.

இளைஞர் நண்பர்களே! உங்களில் பலர் கொழும்புக்குப் போகிறீர்கள். போவதைத் தடுக்க நாம் யார்? இயந்திரக் கத்திகளும் மலைக்கு வந்துவிட்டன. ஆனால் கவ்வாத்துக் கத்தியோடு முப்பது நாற்பது ஆண்டு உழைத்த பெரியவர்கள் இன்னும் நம் லயங்களில் இருக்கிறார்கள். எந்தச் செடியை எப்படி வெட்டினார்கள், ஏன் வெட்டினார்கள் என்று கேட்டு எழுதிவைக்க ஒருவருமில்லை. அவர்கள் போனால் அந்த அறிவும் போகும். மன்றம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கட்டும். மாதம் ஒரு பெரியவரை அழைத்து உட்காரவைத்துக் கேட்கட்டும். கூடவே, கோயிற் சுவரிலும் மதகிலும் முளைத்து, எப்படியும் பிடுங்கி எறியப்படப்போகும் அரசங்கன்று ஒன்றை எடுத்துச் சட்டியில் நட்டு, இந்த வித்தையைப் பழகிப் பாருங்கள். அரசும் இலையுதிர்க்கும் மரமே. உங்கள் தாத்தாவே அதற்குத் தகுந்த ஆசிரியர்.

முடிக்குமுன் ஒரு வார்த்தை. மேடைப் பேச்சாளர்கள் பிள்ளைகளைச் செடிக்கு ஒப்பிட்டு, வெட்டி வளர்க்க வேண்டும் என்பார்கள். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். தேயிலையின் உயரம் தேயிலையின் நன்மைக்காகக் குறிக்கப்பட்டதன்று. கொழுந்தெடுக்கும் கைக்கு எட்டுவதற்காகக் குறிக்கப்பட்டது. நம் மக்களையும் அப்படி ஒரு மட்டத்தில் நிறுத்திய காலம் இருந்தது. 1948 ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையை வெட்டியது. எஞ்சியோருக்கும் அது கிடைக்க 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தோம். அத்தனை வெட்டுக்கும் பின்பு துளிர்த்தோமென்றால், அது வேரிலே சேர்த்துவைத்த சத்தினால்.

ஆகவே செடிக்கு மட்டக்கம்பு வைப்போம், பிள்ளைக்கு வைக்கவேண்டாம். பெண்பிள்ளையானாலும் ஆண்பிள்ளையானாலும், பருக்கவேண்டிய வயதில் ஓங்கி வளர விடுவோம். அவர்கள் எட்டும் உயரத்தை அவர்களே குறிக்கட்டும்.