உலாவியில் தங்கும் சுவடுகள்

முல்லைப் பெரியாற்று நீர் 1895-ஆம் ஆண்டு தொட்டுக் கம்பம் பள்ளத்தாக்கை வளப்படுத்தி வருகிறது. எனினும், தூர் வாராத வாய்க்காலில் அந்நீர் கடைமடை வரை செல்லாது என்பதை அங்குள்ள உழவர் நன்கறிவர். கணிப்பொறியில் இணையத்தைக் காட்டும் உலாவிக்கும் அவ்வப்போது அத்தகைய துப்புரவு வேண்டும்.

உலாவியில் இருவகைப் பொருள்கள் தங்குகின்றன. ஒன்று, தற்காலிகக் கோப்பு. ஒரு பக்கத்தின் படங்களைத் திரும்பத் திரும்பத் தொலைவிலிருந்து தருவிக்காமல், அவற்றின் படியொன்றை உலாவி தன்னிடமே வைத்துக்கொள்கிறது. அதனால் பக்கம் விரைவில் திறக்கும். ஆனால் சில வேளைகளில் பழைய படியே கண்முன் நிற்கும். போடிநாயக்கனூரில் ஏலக்காய் விலை பார்க்கும் ஒருவர், நேற்றைய விலையை இன்றைய விலையென்று மயங்க அது காரணமாகலாம்.

மற்றொன்று, குக்கி. இணையத்தளம் இயல்பாக நினைவாற்றல் அற்றது. ஒவ்வொரு முறையும் நம்மைப் புதியவராகவே கருதும். இக்குறையை நீக்க, 1994-ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்துப் பொறியாளர் லூ மான்டுல்லி இதனை வகுத்தார். நாம் கடவுச்சொல் தந்து நுழைந்ததும், தளம் நம் உலாவியிடம் ஓர் அடையாளச் சீட்டை ஒப்படைக்கிறது. அச்சீட்டு செல்லும் வரை கடவுச்சொல்லை மறுபடி கேளாது.

வசதியும் இதுவே, ஆபத்தும் இதுவே. சின்னமனூர்த் திராட்சை விவசாயி ஒருவர், பட்டா நகலை அச்சிட இணைய மையம் ஒன்றுக்குச் சென்று தம் மின்னஞ்சலைத் திறக்கிறார் என்று கொள்வோம். வேலை முடிந்ததும் சாளரத்தை மட்டும் மூடிவிட்டு எழுந்துவிடுகிறார். சீட்டு அங்கேயே கிடக்கிறது. அடுத்து அமர்பவருக்கு அவ்வஞ்சற்பெட்டி திறந்த வீடாகிவிடக்கூடும். பிற கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் கடிதங்களும் அப்பெட்டிக்குத்தானே வருகின்றன?

ஆகவே, முதலில் கணக்கிலிருந்து முறைப்படி வெளியேறுங்கள். பின்னர் கண்ட்ரோல், ஷிப்ட், டெலீட் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள். தோன்றும் பட்டியலில் கால அளவை 'எல்லா நேரமும்' என்று அமைத்து, தற்காலிகக் கோப்புகளையும் குக்கிகளையும் தேர்ந்து நீக்குங்கள். பதிவிறக்கிய பட்டா நகல் இதனால் அழியாது. அதனைத் தனியே நீக்குதல் வேண்டும்.

சொந்தக் கணிப்பொறியில் குக்கிகளை நீக்கினால், தளங்களில் மீண்டும் கடவுச்சொல் தந்து நுழைய நேரிடும். ஆதலின் பக்கம் பழையதாகத் தோன்றும்போது தற்காலிகக் கோப்புகளை மட்டும் நீக்கிப் பார்த்தல் நலம்.

உறவினர் வீட்டில் தங்கிப் புறப்படுகையில் நம் பொருள்களை எண்ணி எடுத்து வருகிறோம் அல்லவா? பொதுக் கணிப்பொறியை விட்டு எழும்போதும் அக்கவனம் கொள்வோமாக.