கூலியும் கிருபையும்

மத்தேயு சுவிசேஷத்தின் 20ஆம் அதிகாரத்திலே, திராட்சத்தோட்டத்துக்கு வேலையாட்களை அமர்த்திய எஜமான் ஒருவனின் உவமை வருகிறது. விடியற்காலையில் வந்தவர்களோடு அவன் நாட்கூலி பேசி முடிக்கிறான். பின்னரும் நான்கு முறை கடைத்தெருவுக்குச் சென்று, வேலையின்றி நிற்பவர்களை அழைத்து வருகிறான். பொழுது சாய்ந்ததும், கடைசி ஒரு மணி நேரமே உழைத்தவர்களுக்கும் முழு நாட்கூலி கிடைக்கிறது. பகலெல்லாம் வெயிலில் வருந்தியவர்கள் முறுமுறுக்கிறார்கள்.

இவ்வுவமை தேவனுடைய கிருபையைக் குறிப்பது என்பர் உரைகாரர். அது மெய்யே. ஆயினும் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தோட்டத்து லயங்களில் வாழும் ஒருவர் இதனைக் கேட்பின், கடைத்தெரு என்பது அவருக்குப் பெரட்டுக்களமாகவே தோன்றும். காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பகிரும் இடம் அது. அங்கே ஒரு நாள் உழைப்புக்குப் 'பேர்' என்று பெயர். முழு வேலைக்கு ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர். சப்ரகமுவவோ மழை மிகுந்த நாடு. ரப்பர் மரத்தின் பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்டுதல் இயலாது. தொழிலாளி சோம்பியதால் அன்று, வானம் இருண்டதால் அன்றைய பேர் போய்விடும். உவமையில் மாலை வரை நின்றவர்களும் இத்தகையோரே. ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்ற கேள்விக்கு, தங்களை ஒருவரும் அமர்த்தவில்லை என்றே அவர்கள் விடை கூறுகிறார்கள். அரைப் பேர் விழுந்த வீட்டிலும் இரவில் உலை முழுதாகவே வைக்கவேண்டும். எஜமான் அதனை அறிந்திருந்தான்.

இங்கு ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. முதலில் வந்தோருக்குப் பேசிய கூலியில் ஒரு காசும் குறையவில்லை. நீதியை முழுதும் செலுத்திய பின்னரே, தன் கையிலிருந்து எஜமான் கிருபை காட்டுகிறான். உரிய கூலியைக் குறைத்துவிட்டுப் பண்டிகை நாளில் கொடை வழங்குவதற்கு இவ்வுவமை இடந்தருவதில்லை. (தோட்டங்களில் வழங்கும் தீபாவளி முற்பணம் கொடையுமன்று, பின்னர்ச் சம்பளத்தில் கழிக்கப்படும் கடனே.)

வேதாகமத்தின் பிற பகுதிகள் இதனை இன்னுங் கடுமையாக உரைக்கின்றன. கூலிக்காரனின் கூலி சூரியன் மறையுமுன் கொடுக்கப்பட வேண்டும் என்பது உபாகமத்தின் கட்டளை. அறுவடை செய்தோருக்குக் கொடாது பிடித்துவைத்த கூலி தானே கூக்குரலிடுவதாக யாக்கோபின் நிருபம் சித்திரிக்கிறது. கடன் கணக்கைத் தாளில் எழுதி, ஆளையே தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய 'துண்டு' முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேதான் ஒழிந்தது. இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் விதித்த சட்டம் 1927இல் வந்தது.

தோட்ட மக்களிடையே நற்செய்தி கூறவென்று 1854இல் தொடங்கிய 'தமிழ்க் கூலி மிஷன்' திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்களை வரவழைத்தது. அதற்குத் துரைமாரின் நன்கொடையும் துணைநின்றது. அவர்களுடைய பணத்தில் வாழும் ஓர் உபதேசியார், யாக்கோபின் அந்த அதிகாரத்தை அவர்களுடைய தோட்டத்திலேயே விரித்துரைப்பது எளிதாயிராது. அம்மிஷன் செய்த கல்விப்பணி பெரிது. எனினும் இந்த நெருக்கடி அதன் அமைப்பிலேயே இருந்தது. பிற்காலத்தில், 1972இல் கண்டியில் 'சத்தியோதய' நிலையத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குரு போல் கஸ்பெர்ஸ், தோட்ட மக்களின் உரிமையைப் பேசுவதே விசுவாசத்தின் கடமை எனக் கொண்டார். அவர் நாடியது துரைமாரின் தயவையன்று.

கூலி மட்டுமா? உங்களிடத்தில் தங்கும் அந்நியனை உள்நாட்டானைப் போல எண்ணி நேசியுங்கள் என்னும் கருத்தை லேவியராகமம் வற்புறுத்துகிறது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமோ, இந்நாட்டிலே பிறந்து உழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோரை அந்நியராக்கியது. 1964இல் ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியவர்களின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003இல் வந்தது. அதற்கிடையே 1977லும் 1981லும் சப்ரகமுவத் தோட்டங்களில் வன்முறை பாய்ந்தது. லயங்களை இழந்தோர் பலர் வடக்கே வவுனியாப் பக்கம் சென்று குடியேறினர்.

1983ஆம் ஆண்டு ஜூலையில் வன்முறை நாடெங்கும் பரவியபோது, கேகாலைக்கு அயலேயுள்ள குருநாகலின் அங்கிலிக்கன் பேராயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க நோயுற்று இங்கிலாந்தில் இருந்தார். நாடு திரும்பி, தம் மறைமாவட்டத்தாருக்கு ஓர் உரை நிகழ்த்தினார். சிங்களவராகிய அவர், தம் இனத்தார் நேர்ந்ததற்கு வெட்கத்தை ஏற்று, தமிழரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றார். அவ்வாண்டு அக்டோபரிலேயே அவர் காலமானார்.