பழைய பலகையும் புதிய வண்ணமும்



நான் ஆமத்தூரில் தொடக்கப் பள்ளியில் படித்த நாளில், வெள்ளிக்கிழமை மாலைகளில் எங்களுக்கு ஒரு வேலை உண்டு. கரிசற்காட்டு வேலியோரங்களில் தானே முளைத்துக் கிடக்கும் ஊமத்தை இலைகளைச் சிலர் பறித்து வருவோம். வேறு சிலர் வீட்டு அடுப்பிலிருந்து கரித்துண்டுகள் கொண்டுவருவர். இரண்டையும் கல்லில் வைத்து மையாக அரைத்து, துணியில் தொட்டுக் கரும்பலகையின்மேல் பூசுவோம். வாரம் முழுவதும் எழுதியும் அழித்தும் வெளுத்துப் போயிருந்த பலகை, திங்கட்கிழமை காலையில் மழைமேகம்போல் கறுத்து நிற்கும். ஊமத்தை நஞ்சுடைய செடி. ஆதலால், பூசி முடித்தவுடன் எங்கள் ஆசிரியர் எங்களைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்று, மண்ணிட்டுக் கைகளைத் தேய்த்துக் கழுவச் செய்வார். அவர் கையைப் பார்த்துச் சரியென்று சொன்ன பிறகே வீட்டுக்குப் போகலாம்.

அந்தக் கைகழுவலின் முழுப் பொருளும் எனக்கு ஐம்பது ஆண்டுகள் கழித்தே விளங்கிற்று. அதனைச் சொல்லவே இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன்.

எடுத்துக்கொண்ட பொருள், பழைய மரச்சாமான்களையும் கதவு சன்னல்களையும் வண்ணம் பூசிப் புதுப்பித்தல் என்பது. தச்சரும் வண்ணம் பூசுவோரும் பேச வேண்டியதைத் தலைமையாசிரியர் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். கிராமப் பள்ளியில் தலைமையாசிரியராய் இருந்தவனைக் கேட்டால் தெரியும். பாடம் நடத்திய நேரம் போக, எஞ்சிய நேரமெல்லாம் காலொடிந்த பெஞ்சோடும் கதவு மூடாத அலமாரியோடும் போராடிய நேரமே.

அந்தப் பெஞ்சுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. காமராசர் முதலமைச்சராகவும், நெ. து. சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்று ஓர் இயக்கம் நடந்தது. 1958-இல் திருவள்ளூருக்கு அருகிலுள்ள கடம்பத்தூரில் முதல் மாநாடு கூடிற்று. பின்னர் மாநிலம் முழுவதும் அது பரவியது. அரசாங்கத்தின் பணம் வரும் என்று காத்திராமல், ஊரார் தாமே தம் பள்ளிக்கு வேண்டியவற்றைக் கொடுத்தனர். ஒருவர் நாற்காலி கொடுத்தார். ஒருவர் கடிகாரம் கொடுத்தார். கையில் பொருள் இல்லாதவர் பள்ளிச் சுவருக்கு வெள்ளையடித்துத் தந்தார். பின்னாளில் நான் பொறுப்பேற்ற நடுநிலைப் பள்ளி ஒன்றிலும் அவ்வாறு வந்த பெஞ்சுகள் இருந்தன. உறுதியான மரம், மேலே மஞ்சள் வண்ணம்.

1997-ஆம் ஆண்டு நாடு விடுதலையடைந்த பொன்விழா ஆண்டு. ஆகஸ்டு பதினைந்துக்குள் பெஞ்சுகளையெல்லாம் புதுப்பித்துவிட வேண்டுமென்று எனக்கு ஓர் ஆசை. வண்ணம் வாங்கப் பணம் இருந்தது. கூலிக்குப் பணம் இல்லை. உடனே நான் என்ன செய்தேன்? ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கையில் ஆளுக்கொரு உப்புத்தாளைக் கொடுத்து, பழைய மஞ்சளைத் தேய்த்து எடுக்கச் சொன்னேன். இரண்டு நாள் தேய்த்தார்கள். வகுப்பறை முழுவதும் மஞ்சட்பொடி. பிள்ளைகளின் தலைமயிரிலும் இமையிலும் பொடி. மகரந்தம் பூசிய வண்டுகள் போலிருக்கிறீர்கள் என்று நானே வேடிக்கை பேசினேன். நண்பகலில் அந்தக் கைகளோடு சத்துணவு உண்டார்கள். ஊமத்தைக்குக் கைகழுவச் செய்த ஆசிரியரின் மாணவன் நான். எனக்கு அன்று அவர் நினைவு வரவில்லை.

அந்த மஞ்சள் எது என்று கேளுங்கள். பழைய எண்ணெய் வண்ணங்களில் பளிச்சென்ற மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் பெரும்பாலும் ஈயக் குரோமேட் என்னும் சேர்மத்தையே பயன்படுத்தினர். பல பச்சைகளிலும் அதனை நீலத்தோடு கலந்து சேர்த்தனர். வெள்ளைக்கு ஈய வெள்ளை. இரும்புக்கம்பிகளின் அடிப்பூச்சுக்கு ஈயச் செந்தூரம். வண்ணம் விரைவில் உலர்வதற்கும் ஈயச் சேர்மங்களைக் கலந்தார்கள். ஈயம் மலிவு, நன்றாக மறைக்கும், மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும். தீமை ஒன்றுதான், அது நஞ்சு. பெரியவர்கள் உடலில் சேர்வதைப்போல் நான்கைந்து மடங்கு ஈயம், உண்ணும் வழியாகக் குழந்தைகளின் உடலில் சேரும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே அதற்குக் கிடையாது. வளரும் மூளையை அது தாக்கும். கற்கும் ஆற்றலைக் குறைக்கும். காய்ச்சல்போல் உடனே வெளிப்படாது. ஆகையால்தான் அன்று என் பள்ளியில் எவரும் அஞ்சவில்லை.

இஃது அண்மையில் கண்டுபிடித்த செய்தியும் அன்று. ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்து மாநிலத்துப் பிரிஸ்பேன் நகரில், லாக்ஹார்ட் கிப்சன் என்னும் மருத்துவர் 1904-இலேயே இதனை எழுதினார். வீட்டு முன்தாழ்வாரத்து மரக்கிராதிகளில் பூசிய வண்ணம் வெயிலில் பொடிந்து குழந்தைகளின் கையில் ஒட்டுகிறது; விரலைச் சப்பும்போதும் நகம் கடிக்கும்போதும் உள்ளே போகிறது என்று காட்டினார். 1921-இல் செனீவாவில் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு, கட்டடங்களின் உட்புறத்தில் ஈய வெள்ளையைப் பூசுவதைக் கட்டுப்படுத்த ஓர் உடன்படிக்கையையே நிறைவேற்றியது. நம் நாட்டில் வீட்டு வண்ணங்களில் பத்து லட்சம் பங்குக்குத் தொண்ணூறு பங்கிற்கு மேல் ஈயம் கூடாது என்னும் விதி 2016-இல் வெளியாகி, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதே 2017-இல், சூலைத் திங்களில், பட்டாசிலும் ஈயம் உள்ளிட்ட ஐந்து பொருள்கள் கூடாதென்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. சிவகாசிப் பக்கத்தில் அந்த ஆணையைப் பற்றிப் பேசாத டீக்கடை இல்லை. அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு இருந்தபோதுதான் வண்ணத்திலும் ஈயம் உண்டு என்பதை நான் முதன்முதலாகப் படித்தறிந்தேன். உடனே கண்முன் வந்தது அந்த மஞ்சட்பொடி.

சரி, அப்படியானால் பழைய பொருளைத் தொடவே கூடாதா? அவ்வாறன்று. முறை தெரிந்து தொடவேண்டும்.

பழைய பூச்சு உறுதியாக ஒட்டிக்கொண்டிருந்தால் அதனைச் சுரண்ட வேண்டிய தேவையே இல்லை. வெந்நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, பொருளைத் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கையும் அழுக்கையும் போக்கி, நல்ல நீரால் கழுவிக் காயவிடுங்கள். பிறகு, வாட்டர் பேப்பர் என்று கடையில் விற்கும் கறுப்புத்தாளை நீரில் நனைத்து, மேற்பரப்பின் பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் தேய்க்கவேண்டும். ஈரத்தில் தேய்த்தால் பொடி பறக்காது, குழம்பாக வழியும். வழிவதைப் பழந்துணியால் துடைத்து எடுத்துவிடலாம். புதிய பூச்சு பழைய ஈயத்தை உள்ளே வைத்து மூடிவிடும். ஆனால் உரிந்து தொங்கும் பூச்சை அப்படி மூட முடியாது. அதனை நீக்கித்தான் ஆகவேண்டும். 1980-க்கும் 90-க்கும் முற்பட்ட தொட்டில், நடைவண்டி, சன்னற்கம்பி, பள்ளிப் பெஞ்சு ஆகியவற்றில் ஈயம் இருக்கிறதென்றே கொண்டு வேலை செய்வது நலம். அந்த வேலை பெரியவர்களுடையது. மாணவர்களாகிய உங்களுடையது அன்று. கருவுற்ற பெண்களுடையதும் அன்று. தரையில் விரிப்பு விரித்து, மூக்கையும் வாயையும் முகமூடியால் மூடி, ஈரமாகவே சுரண்டி, முடிந்தவுடன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, உடையை வேறாகத் துவைக்கவேண்டும். தீயைக் காட்டிப் பூச்சை உரிப்பது பழைய வழக்கம். அதைச் செய்யவே கூடாது. ஈயப் புகை பொடியினும் கொடிது.

இங்கே இன்னொன்று சொல்லவேண்டும். உடைந்துபோன பழைய கதவையும் பெஞ்சையும் வெந்நீர் அடுப்பில் வைத்து எரிக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. சென்னை முதலிய இடங்களில் போகியன்று வீதியிலேயே போட்டுக் கொளுத்துகிறார்கள். பழைய வண்ணம் பூசிய மரத்தை எரித்தால் ஈயம் புகையிலும் சாம்பலிலும் தங்கும். அந்தச் சாம்பலைக் கொண்டு பாத்திரம் துலக்குவதை எண்ணிப் பாருங்கள்!

இனி, பூசும் முறைக்கு வருவோம். இதில் அறிவியல் மாணவர்களுக்குச் சுவையான செய்தி ஒன்று இருக்கிறது. எண்ணெய் வண்ணம் உலர்வது, ஈரத்துணி உலர்வதைப் போன்றதன்று. முதலில் அதிலுள்ள டர்ப்பன்டைன் ஆவியாகிப் போகும். அதன்பின் எஞ்சிய எண்ணெய், காற்றிலுள்ள ஆக்சிசனை ஈர்த்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகும். ஆளி விதை எண்ணெய்க்கு இந்தக் குணம் மிகுதி. தேங்காயெண்ணெய்க்கு இல்லை, ஆகையால்தான் பளபளப்பு வேண்டித் தேங்காயெண்ணெய் பூசிய கதவு பல நாள் பிசுபிசுத்துத் தூசியை வாங்கி வைத்துக்கொள்கிறது. ஒரே முறையில் தடிப்பாகப் பூசினால் மேல்தோல் ஆக்சிசனை ஏற்று முதலில் இறுகிவிடும், உள்ளே இளகியிருக்கும், மேல்தோல் சுருங்கி முதியவர் கைபோல் ஆகிவிடும். மெல்லியதாக இருமுறை பூசுவதன் காரணம் இதுவே. இறுகும்போது வெப்பமும் வெளிப்படுகிறது. ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணிகளைக் கசக்கி மூலையில் குவித்து வைத்தால், அந்த வெப்பம் வெளியேற வழியின்றித் தானே தீப்பற்றவும் கூடும். ஈரம் பட்ட அலுமினியத்தூள் சூடேறுவதை அறிந்த பட்டாசுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை. அத்துணிகளை விரித்துப் போட்டு உலர்த்த வேண்டும்.

அலுமினியம் என்றவுடன் நினைவு வருகிறது. கம்பி மத்தாப்பில் வெள்ளைப் பொறியாய்ச் சிதறும் அதே உலோகம்தான், வெள்ளி வண்ணம் என்று நாம் தகரப்பெட்டிக்கும் இரும்புக்கட்டிலுக்கும் பூசும் வண்ணத்திலும் இருக்கிறது. அங்கே அது நுண்ணிய செதில்களாய், மீன்செதில் போல் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, காற்றும் நீரும் இரும்பை அணுகாமல் தடுக்கிறது. ஆனால், துருவின்மேல் பூசினால் பயனில்லை. துருவை நீக்கி, ரெட் ஆக்சைடு அடிப்பூச்சு ஒன்று கொடுத்த பின்னரே பூசவேண்டும். அந்தச் செம்பூச்சில் உள்ளதும் இரும்பின் ஆக்சைடே. கோயில் மதிற்சுவரின் காவியில் உள்ளதும் அதுவே.

மரத்தில் ஆணித்துளையும் வெடிப்பும் இருந்தால், சீமைச்சுண்ணாம்புத் தூளை ஆளி விதை எண்ணெயில் பிசைந்து அடைக்கவேண்டும். இதனைப் பட்டி பார்த்தல் என்பர். அது காய்ந்தபின் ஈரத்தாளால் சமன் செய்து, அடிப்பூச்சு ஒன்றும் மேற்பூச்சு இரண்டும் தரலாம். பெஞ்சின் அடிப்புறத்தையும் கால்நுனியையும் பலரும் விட்டுவிடுவர். கண்ணுக்குப் படாத அவ்விடத்தில்தான் ஈரம் ஏறுகிறது. கறையானும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. நண்பகல் வெயிலிலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும் பூசாதீர்கள். மற்ற மாதங்களில் எங்கள் வட்டாரத்து வறண்ட காற்று வண்ணத்திற்கு உகந்தது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் சிவகாசியை ஏற்ற இடமாக ஆக்கியதும் இந்த வறட்சிதானே! மழை பெய்யாத குறைக்கு இப்படிச் சில ஆறுதல்கள்.

நல்ல தேக்குக் கதவின்மேல் பச்சை எனாமலைப் பூசி மறைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். ரேகையோடிய மரத்திற்கு வார்னிஷ் போதும். செட்டிநாட்டு நிலைக்கதவுகளைப் பார்த்தவர்கள் இதனை ஒப்புவர்.

2018-இல் நான் பணி நிறைவு பெறுமுன், கோடை விடுமுறையில், பிள்ளைகள் எவரும் இல்லாத நாட்களில், அந்த நடுநிலைப் பள்ளிக்கு வண்ணம் பூசுவோர் ஒருவரை அழைத்துச் சென்றேன். மரத்தடியில் விரிப்பு விரித்து, பெஞ்சுகளை ஒவ்வொன்றாக ஈரத்தில் தேய்த்தோம். 1997-இல் நாங்கள் பூசிய பூச்சு பல இடங்களில் உரிந்து, கீழே பழைய மஞ்சள் எட்டிப் பார்த்தது. பொடியின்மேல் அவசரமாகப் பூசியது அல்லவா, எப்படி ஒட்டும்? ஒரு பெஞ்சின் முதுகுப் பலகையில், பட்டியும் வண்ணமும் அடைந்து மேடிட்டிருந்த இடத்தை அவர் மெல்லச் சுரண்டினார். உளியால் வெட்டிய எழுத்துகள் தெரிந்தன. பள்ளிச் சீரமைப்பு உபயம் என்றிருந்தது. கீழே அந்த ஊர்க்காரர் ஒருவரின் பெயர். அவருடைய பேரப்பிள்ளைகளில் இருவர், 1997-இல் உப்புத்தாள் பிடித்த அந்த எட்டாம் வகுப்பில் இருந்தவர்கள்.

பெஞ்சுக்குக் காவிநிறம் பூசச் சொன்னேன். எழுத்துகளை அடைக்க வேண்டா என்றேன். வண்ணம் இறுகியபின், அவர் மெல்லிய தூரிகை கொண்டு அந்தப் பள்ளங்களில் மட்டும் வெள்ளை நிரப்பினார். இப்பொழுது அந்தப் பெஞ்சு நூலக அறையில் சன்னலோரம் கிடக்கிறது. நாளிதழ் படிக்க வரும் பிள்ளைகள் அதில்தான் அமர்கிறார்கள்.