டில்லி வாயிலில் ஓராண்டு

(கமக்காரர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



சட்டம் பயின்றோரும் மண்ணை நம்பி வாழ்வோரும் ஒருங்கே அமர்ந்திருக்கும் இச்சபையில், இரு சாராருக்கும் உரியதொரு வரலாற்றை எடுத்துரைக்க விழைகின்றோம். 2020 நவம்பர் 26ஆந் திகதி தொடங்கி 2021 டிசெம்பர் 11ஆந் திகதி வரை, பாரதத்தின் தலைநகர் வாயிலில் உழவர் பெருமக்கள் நடாத்திய அறப்போரே அது.

கொள்ளைநோய்க்கு அஞ்சி மக்கள் கூட்டங்கூட இயலாதிருந்த 2020 யூன் மாதத்தில், மத்திய அரசு வேளாண்மை பற்றி மூன்று அவசரச் சட்டங்களைப் பிறப்பித்தது. செப்டெம்பரில் அவை மசோதாக்களாகப் பாராளுமன்றம் புகுந்தன. ஆளுங் கூட்டணியிலிருந்த அகாலி தளத்தின் மந்திரி ஹர்சிம்ரத் கவுர் பாதல் பதவி துறந்தார். 20ஆந் திகதி மாநிலங்களவையில் வாக்குகளை எண்ணிக் கணக்கிடுமாறு எதிர்க்கட்சியினர் கோரினர். அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை, குரல் வாக்கினாலேயே இரு மசோதாக்கள் நிறைவேறின. மறுநாள் எதிர்க்கட்சி உறுப்பினர் எண்மர் அவையினின்றும் இடைநிறுத்தப்பட்டனர்.

விளைந்ததை எங்கும் விற்கலாம், கம்பெனிகளுடன் ஒப்பந்தஞ் செய்து பயிரிடலாம் என்று அரசு கூறியது. இதில் தீங்கென்ன என்று வினவுவீர்கள். பஞ்சாப், அரியானா உழவரின் நெல்லையும் கோதுமையையும் அரசு ஒழுங்குபடுத்தப்பட்ட சந்தைகளில் குறைந்தபட்ச ஆதார விலைக்கு வாங்கி வருகின்றது. சந்தைக்கு வெளியே வரியற்ற வியாபாரம் வளர்ந்தால் சந்தை தேயும். சந்தை தேய்ந்தால் அந்த விலையும் தேயும் என்று அவர்கள் அஞ்சினர். பாரதத்து உழவர் நூற்றுவரில் 86 பேர் இரண்டு ஹெக்டெயருக்குக் குறைந்த நிலமுடையோர். இத்தகையோர் பெருங் கம்பெனியுடன் சரிநிகராக நின்று பேரம் பேசுதல் கூடுமோ?

சட்டக் கண்கொண்டு நோக்கினும் குறைகள் தெரிகின்றன. பாரத அரசியல் யாப்பில் வேளாண்மை மாநிலங்களுக்குரிய அதிகாரம். மத்திய அரசோ உணவுப் பொருள் வியாபாரம் என்ற பொதுப்பட்டியல் வாயிலாக உள்ளே நுழைந்தது. பிணக்கு எழுந்தால் உழவன் சிவில் நீதிமன்றத்தை நாட இயலாது. நிர்வாக அதிகாரியிடமே முறையிடல் வேண்டும். உரிமை தருவதாகச் சொல்லி, அதைக் காக்கும் நீதிமன்றத்தின் கதவை அடைப்பது எவ்வகை நீதி?

உழவர் டில்லி நோக்கிப் புறப்பட்டனர். நீர்ப்பீரங்கியும் கண்ணீர்ப்புகையும் எதிர்கொண்டன. சிங்கு, டிக்ரி, காசிப்பூர் எல்லைகளில் உழவு இயந்திர வண்டிகளையே வீடாக்கி, கடுங்குளிரிலும் கோடையிலும் அமர்ந்தனர். 2021 ஜனவரி 12ஆந் திகதி உச்ச நீதிமன்றம் சட்டங்களின் அமுலை நிறுத்திவைத்துக் குழுவொன்றை நியமித்தது. குழுவை உழவர் சங்கங்கள் ஏற்கவில்லை. ஜனவரி 26ஆந் திகதி ஊர்வலத்தில் ஒரு பகுதியினர் செங்கோட்டையுள் புகுந்தமை போராட்டத்துக்குப் பெரும் இழுக்காயிற்று. இதை நாம் மறைத்தல் ஆகாது. ஆயினும் தலைவர்கள் அச்செயலைக் கண்டித்தனர். உழவரும் அமைதிவழியில் அமர்ந்தவாறே இருந்தனர். ஒக்டோபர் 3ஆந் திகதி லக்கிம்பூர் கேரியில் உழவர் மீது வாகனங்கள் ஏறின. அன்றைய நிகழ்வுகளில் எண்மர் மாண்டனர். ஓராண்டில் ஏறக்குறைய 700 பேரை இழந்ததாகச் சங்கங்கள் கூறின.

நவம்பர் 19ஆந் திகதி பிரதம மந்திரி மோடி சட்டங்களை மீளப்பெறுவதாக அறிவித்தார். 29ஆந் திகதி ஈரவைகளும் விவாதமின்றியே அவற்றை நீக்கின. மக்களைக் கேளாது வந்த சட்டம், மன்றத்தில் பேசப்படாமலே மறைந்தது!

பழைய சந்தை முறை குற்றமற்றதென்று நாம் கூறவில்லை. தரகர் ஆதிக்கம் அங்கே உண்டு. ஆதார விலையின் பயன் எல்லா மாநிலத்தாருக்கும் எட்டுவதில்லை. சீர்திருத்தம் வேண்டியதே. எவருடைய வயலைப் பற்றிய சட்டமோ, அவரைக் கலந்து பேசாது இயற்றியதே குற்றம். வெற்றியும் முழுமையானதன்று. ஆதார விலைக்குச் சட்ட உறுதி வேண்டி 2024 பெப்ரவரியில் பஞ்சாப் உழவர் மீண்டும் புறப்பட்டனர்.

அன்பர்களே, இது பிறர் கதையன்று. 2021 மே மாதத்தில் இந்நாட்டு அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது. எம்மைக் கேட்டா செய்தது? பயிர் கருகியபின், அதே நவம்பரில் அத்தடை தளர்ந்தது. எமது நிலையோ பாரதத்து உழவரினும் கடினமானது. அங்கே நிறைவேறிய சட்டத்தையும் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். இங்கே மசோதாவாயிருக்கும் சில நாள்களுக்குள் எதிர்த்தாலே உண்டு. சபாநாயகர் அத்தாட்சியிட்டபின் அது செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் ஆராய இயலாது.

ஆகவே சட்டத்தரணிகளாகிய நாம், மசோதா வர்த்தமானியில் வெளிவந்த அன்றே அதைப் படித்து ஊருக்கு விளக்குதல் கடன். கமக்காரராகிய நீங்கள் சங்கமாகத் திரண்டு நிற்றல் கடன். கதவு அடைபடுமுன் தட்டுவோமாக!