நடுத் திடலை நாம் பிடிக்க வேண்டும்

(சாலாக் செலாத்தானில் தோட்டக் காற்பந்து இளைஞர்கள் கூடிய மாலையில், தோட்டக் கிராணியும் சங்கத் தொண்டருமான ஒருவர் ஆற்றிய உரை)

 

சங்கத்துக்காரர்கள் வந்தால் சம்பளம், போனஸ், சந்தா என்று பேசுவார்கள். இன்று பந்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறார்களே என்று சிலர் வியப்படையலாம். வியப்புக்கு இடமில்லை. பதினொரு பேர் ஒன்றாக நின்று ஒரு காரியத்தைச் சாதிக்கும் வித்தையைத் திடலில் கற்றவன் சங்கத்திலும் நன்றாக உழைப்பான் என்பது நமது நம்பிக்கை. ஆகவே முதலில் பந்தைப் பற்றியே பேசுவோம். சங்கத்தைப் பற்றிக் கடைசியில் இரண்டொரு வார்த்தை சொல்லிக் கொள்கிறோம்.

தோட்ட அணிகளின் ஆட்டத்தை நாம் ஞாயிறுதோறும் பார்க்கிறோம். நம் பிள்ளைகளிடம் ஓட்டத்துக்குக் குறைவில்லை, துணிச்சலுக்கும் குறைவில்லை. ஆனால் நடப்பது என்ன? பின்வரிசைக்காரர் பந்து கிடைத்ததும் கண்ணை மூடிக் கொண்டு வானத்தை நோக்கி உதைக்கிறார். முன்வரிசையில் நான்கு பேர் கோல் அடித்தே தீருவது என்று எதிரியின் கோல் வாயிலேயே காத்து நிற்கிறார்கள். இரு வரிசைக்கும் நடுவே அறுபது கெஜம் வெறும் புல்! அந்தப் புல்லில் எதிரணியார் சந்தைக்குப் போகிறவர்களைப் போல ஆற அமர நடந்து வருகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் பழி முழுவதும் கோல் காவலர் தலையில் விழுகிறது. இது நியாயமா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நடுத் திடலுக்கு அப்படி என்ன மகிமை? ஓரக் கோட்டை ஒட்டிப் பந்து வைத்திருப்பவனுக்குப் பாதித் திசைதான் உண்டு. மறுபாதியைக் கோடு அடைத்து விடுகிறது. அந்தக் கோடு எதிரணிக்குச் சம்பளம் வாங்காத பன்னிரண்டாவது ஆள். நடுவில் நிற்பவனுக்கோ நான்கு பக்கமும் வழி உண்டு. இடப்பக்கம் அடைத்தால் வலப்பக்கம் கொடுக்கலாம். இரண்டும் அடைபட்டால் பின்னால் தட்டி விட்டு மீண்டும் தொடங்கலாம். கோல் கம்பம் நிற்பதும் திடலின் நடுவுக்கு நேராகத்தான். ஆகையால் கோலுக்குக் குறுக்கு வழி நடுவிலேதான் ஓடுகிறது. அந்த வழியை நாம் அடைத்து விட்டால் எதிரி சுற்று வழியில் போக வேண்டும். அவன் சுற்றி வருவதற்குள் நம் பின்வரிசை தன் இடத்துக்கு வந்து சேர்ந்து விடும்.

உயரத் தூக்கி அடிக்கும் நீண்ட பந்தின் கதையையும் பாருங்கள். அது வானத்தில் இருக்கும் நேரம் எதிரிக்குக் கிடைக்கும் நேரம். எதிரணிப் பின்வரிசைக்காரர் பந்தைப் பார்த்தபடி முன்னோக்கி வருகிறார். நம் முன்வரிசைக்காரரோ கோலுக்கு முதுகைக் காட்டிக் கொண்டு துள்ள வேண்டியிருக்கிறது. பத்தில் எத்தனை பந்து நமக்குக் கிடைக்கும்? கிடைக்காத பந்து விழும் இடம் எது? நடுத் திடல்! அங்கே நம் ஆள் இல்லையென்றால் நாம் உதைத்த பந்தே நம்மை அடிக்கத் திரும்பி வரும்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1953-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள் வெம்பிளித் திடலில் நடந்ததைக் கேளுங்கள். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியேயிருந்து வந்து மண்டியிட வைத்த அணி ஒன்றைக்கூட ஐரோப்பாவின் பெருநிலத்திலிருந்து வெம்பிளி அதுவரை கண்டதில்லை. அங்கே அங்கேரி வந்து இங்கிலாந்தை 6-3 என்று வீழ்த்தியது. எப்படி? அங்கேரியின் ஹிடெகுட்டி முதுகில் 9-ஆம் எண் இருந்தது. அது சென்டர் பார்வர்டின் எண். அவரைக் காவல் காக்க இங்கிலாந்தின் சென்டர் ஆப் ஹாரி ஜான்ஸ்டன் காத்திருந்தார். ஹிடெகுட்டியோ முன்னால் போய் நிற்காமல் பின்வாங்கி நடுத் திடலிலே உலாவினார். ஜான்ஸ்டனுக்குத் திண்டாட்டம். அவரைத் துரத்திப் போனால் கோல் வாசல் திறந்து கிடக்கும். போகாமல் நின்றால் அவர் தம் விருப்பப்படி பந்தைப் பிரித்துக் கொடுப்பார். ஒரே மனிதர் நின்ற இடத்தை மாற்றியதால் ஒரு சாம்ராஜ்யத்தின் ஆட்டமே குலைந்தது. ஹிடெகுட்டி மூன்று கோல் போட்டார். அடுத்த ஆண்டு மே மாதம் புடாபெஸ்டில் 7-1 என்று மீண்டும் பாடம் நடந்தது.

2014-ஆம் ஆண்டு ஜூலையில் உலகக் கிண்ண அரையிறுதி. நம் நாட்டு நேரம் விடியற்காலை நான்கு மணி. பெரட்டுக்குக் கிளம்பும் முன் பலர் அதைப் பார்த்திருப்பீர்கள். ஜெர்மனியின் நடுவில் சுவைன்ஸ்டைகர், கெதிரா, குரூஸ் என்று மூவர். பிரேசிலின் நடுவில் இருவர்தான். மற்றவர்கள் எல்லாம் முன்னே பாய்வதிலேயே குறியாக இருந்தார்கள். மூவருக்கு இருவர் என்றால் ஒருவன் எப்போதும் காவலின்றி இருப்பான். இது கணக்கு, இதில் கால் வித்தைக்கு வேலையில்லை. ஆறே நிமிடத்தில் நான்கு கோல் விழுந்தது. முடிவு 7-1. சொந்த மண்ணில், சொந்த ஜனங்களின் கண் முன்னே!

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1980-ஆம் ஆண்டு மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. அரசியல் காரணத்தால் நம் அணி அங்கே போகவில்லை. ஆனாலும் அந்த வெற்றியை நாடு மறக்கவில்லை; அதைத் தழுவி 2016-இல் 'ஓலா போலா' என்று திரைப்படமே வந்தது. வெற்றிக் கோல் போட்ட ஜேம்ஸ் வோங்கைத் தெரியாதவர் இல்லை. 'ஸ்பைடர்மேன்' என்று பெயரெடுத்த நம் ஆர். ஆறுமுகத்தை, 1988-இல் விபத்தில் பறிகொடுத்த அந்தக் கோல் காவலரை, இன்றும் கண்ணீரோடு நினைக்கிறோம். சந்தோக் சிங்கும் சோ சின் ஆனும் பின்னே மதிலாக நின்றதைச் சொல்கிறோம். ஆனால் நடுத் திடலில் பந்தை வாங்கி வாங்கி முன்னும் பின்னும் வழங்கிய சுக்கோர் சாலேயின் பெயரை எத்தனை பேர் சொல்கிறோம்? நடுவில் நிற்பவன் பெயர் செய்தித்தாளில் பெரிய எழுத்தில் வருவதில்லை. ஆகையால்தான் நம் பிள்ளைகளில் ஒருவரும் நடுவில் நிற்க விரும்புவதில்லை.

இன்னொரு வெற்றி நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. 2010-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் ஜகார்த்தாவில் இந்தோனேசியா நம்மை 5-1 என்று நொறுக்கியது. பயிற்றுநர் கே. ராஜகோபால் தலை குனியவில்லை. அதே மாதம் 26-ஆம் நாள் தென்கிழக்காசியக் கிண்ண இறுதியின் முதல் ஆட்டத்தில், புக்கிட் ஜாலில் அரங்கில், அதே இந்தோனேசியாவை 3-0 என்று வென்றது அவருடைய அணி. மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் 2-1 என்று தோற்றாலும், மொத்தக் கணக்கில் 4-2 என்று கிண்ணம் நமக்கு வந்தது. கோல்களைப் போட்ட சாபி சாலியை எல்லோருக்கும் தெரியும். அணித் தலைவர் சபிக் ரகீம் நின்ற இடம் எது? நடுத் திடல். தலைவனை எங்கே நிறுத்துவது என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

புக்கிட் ஜாலில் என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அது ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். நம்மவர்கள் லயத்தில் குடியிருந்து மரம் வெட்டிய பூமி. ஈயமும் ரப்பரும் இருந்த இந்தச் சாலாக் செலாத்தானிலும் இன்று ரயிலும் அடுக்கு மாடியுமாக இருக்கிறது. எத்தனையோ தோட்டங்களில் வீட்டோடு கோயிலும் போயிற்று, திடலும் போயிற்று. திடல் போனால் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. சந்து முனைகளும் சாராயப் புட்டிகளும் விளக்குகின்றன. மிச்சமிருக்கும் திடலையும், அதில் ஆட வரும் பிள்ளைகளையும் காப்பது நம் கடமை.

நடுத் திடலைப் பிடிக்க என்ன செய்ய வேண்டும்? இளைஞர்கள் இந்த ஐந்தையும் மனத்தில் பதித்துக் கொள்ளுங்கள்.

முதலாவது, பந்து வருமுன் தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார். பந்து வந்த பிறகு பார்ப்பவன் நேரத்தை இழந்தவன்.

இரண்டாவது, பந்து வைத்திருக்கும் தோழனுக்கு எப்போதும் இரண்டு வழி காட்டுங்கள். மூவரும் முக்கோணமாக நில்லுங்கள். ஒரே கோட்டில் நின்றால் ஓர் எதிரி மூவரையும் மறைத்து விடுவான்.

மூன்றாவது, அணி முழுவதும் கூடி நகரட்டும். முன்வரிசை ஏறினால் பின்வரிசையும் ஏற வேண்டும். இரண்டுக்கும் இடையே முப்பது, முப்பத்தைந்து கெஜத்துக்கு மேல் விடாதீர்கள்.

நான்காவது, நடுவில் இருப்பவர்களில் ஒருவர் முன்னே போனால் மற்றவர் நிற்க வேண்டும். இருவரும் போவது வீட்டைத் திறந்து போட்டு விட்டுத் திருவிழாவுக்குப் போவது போலாகும்.

ஐந்தாவது, பந்தைப் பறிகொடுத்தவன் இடுப்பில் கை வைத்து நிற்கக் கூடாது. அந்த நொடியே துரத்த வேண்டும்.

இதற்குப் பெரிய திடல் வேண்டாம். பூப்பந்துத் திடல் அளவு இடம் போதும். நால்வர் சுற்றி நின்று பந்தைத் தட்டட்டும். இருவர் நடுவில் நின்று பறிக்க முயலட்டும். பறிகொடுத்தவர் நடுவுக்கு வரட்டும். தினம் அரை மணி நேரம் போதும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பந்தை வைத்துக் கொண்டே இருப்பது மட்டும் வெற்றியாகி விடாது. 2010-இல் ஸ்பெயின் நடுத் திடலை ஆண்டு உலகக் கிண்ணம் வென்றது. கடைசி நான்கு ஆட்டங்களிலும் 1-0 தான். அதே ஸ்பெயின் 2018-இல் ரஷ்யாவுக்கு எதிராக ஆயிரம் முறைக்கு மேல் பந்தைத் தட்டிக் கொடுத்தும் பெனால்டி உதையில் தோற்றது. நடுவைப் பிடிப்பது முன்னேறுவதற்காக. பக்கவாட்டில் தட்டிக் கொண்டே பொழுதைப் போக்குவதற்காக அன்று.

தோழர்களே! சங்கத்தைப் பற்றி இரண்டொரு வார்த்தை என்றோம்.

1954-இல் பல சங்கங்கள் ஒன்று கூடித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி. பி. நாராயணன் அவர்கள் அதன் பொதுச் செயலாளராக நின்று வளர்த்தார். தலைமையகம் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கிறது. மரத்தடியில் தொழிலாளி இருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் யார்? தோட்டக் கமிட்டி! நம் சங்கத்தின் நடுத் திடல் அதுதான்.

பால் எடையில் குறைவு, வேலை நாளில் குறைவு என்று தொழிலாளி குமுறுகிறார். நாள் இல்லை, எடைக் கணக்கு இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. "எங்களுக்கு அநியாயம் நடக்கிறது" என்று ஒரு கடிதம் மட்டும் தலைமையகத்துக்குப் போகிறது. கண்ணை மூடி வானத்தில் உதைத்த பந்து அதுவேதான்! நிர்வாகம் அதை நெஞ்சில் வாங்கித் திருப்பி அடித்து விடும். கமிட்டியில் ஒருவர் உட்கார்ந்து நாளையும் எடையையும் குறித்து, சீட்டைச் சேர்த்து, சாட்சியின் பெயரையும் எழுதிக் கொடுத்தால், மேலே வாதாடுபவருக்குப் பந்து காலடியில் வந்து சேரும்.

மேலிருந்து கீழே வருவதும் அப்படித்தான். 2013-இல் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 900 ரிங்கிட் என்று சட்டம் நடப்புக்கு வந்தது. சட்டம் தலைநகரில் பிறக்கும். அது ஒவ்வொரு சீட்டிலும் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க நடுவில் ஆள் வேண்டும்.

கிராணிமார்களுக்கும் இங்கே ஒரு வேண்டுகோள். துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நிற்பவர்கள் நாம். நமக்குத் தனிச் சங்கம் இருக்கலாம். குடியிருப்பும் தனியாக இருக்கலாம். ஆனால் செக்ரோலைப் படிக்கத் தெரிந்த கண் நம்முடையது. படிக்கத் தெரியாத பெரியவருக்கு அவர் சம்பளச் சீட்டைப் படித்துச் சொல்வதால் நம் உத்தியோகம் குறைந்து விடாது. திடலில் கிராணி மகனும் பால்மரத் தொழிலாளி மகனும் ஒரே சட்டை போட்டு ஒருவருக்கொருவர் பந்து கொடுக்கிறார்களே, அதைப் பெரியவர்களாகிய நாமும் கற்றுக் கொள்ள வேண்டும்.

ஆகவே இளைஞர்களே, வரும் ஞாயிறு முதல் உங்களில் சிறந்த இருவரை நடுவில் நிறுத்துங்கள். பெரியவர்களே, காலியாகக் கிடக்கும் கமிட்டி இடங்களுக்கு இந்த மாதமே பெயர் கொடுங்கள். பெயர் கொடுக்க வருபவர் நன்றாகப் பேச வேண்டுமென்பதில்லை. குறித்து வைக்கத் தெரிந்தால் போதும்.

 வளர்க நம் ஒற்றுமை!